பந்து எங்கே விழும்? எறிபொருளையும் காற்றுத் தடையையும் சிமுலேஷனில் பழக ஒரு வழிகாட்டி

தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி மணலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குத் தெரியும்: காற்றுக்கு எதிரே தூக்கி அடித்த பந்து பாதி வழியில் நின்று யோசிப்பதுபோல் தோன்றி, நெட்டுக்குத்தாகக் கீழே வரும். அதே அடி காற்றோடு போனால் பந்தைத் தேடத்தான் ஆள் வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தின் எறிபொருள் பாடமோ காற்றுத் தடையைப் புறக்கணித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காகச் செய்த சலுகை அது. சலுகையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை, நிஜ இயக்கத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் சிமுலேஷன் ஒன்றை வைத்துக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரில் இருந்தாலும், ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் கடைசிவரை விடாதீர்கள். சிமுலேஷனில் சுடும் பொத்தானை அழுத்தும் முன் ‘இத்தனை மீட்டரில் விழும்’ என்று நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் அது விளையாட்டு. அதில் தப்பில்லை, ஆனால் கற்றதாக ஆகாது.

எதை இறக்குவது

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் ஃபெட் (PhET). அவர்களுடைய ‘புரொஜெக்டைல் மோஷன்’ (Projectile Motion) என்ற சிமுலேஷன் இலவசம். தேடும்போது ‘புரொஜெக்டைல் டேட்டா லேப்’ என்று இன்னொன்றும் வரும். அது திரும்பத் திரும்பச் சுட்டுப் புள்ளியியல் பார்ப்பதற்கானது, இப்போதைக்கு வேண்டாம்.

முழு சிமுலேஷனும் ஒரே கோப்பாக இறங்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் பிரவுசரில் இணையம் இல்லாமலே திறக்கும். சிக்னல் வந்து போகும் கடற்கரை ஊர்களில் இது பெரிய வசதி. ஒரு போனில் இறக்கி வகுப்பு முழுவதுக்கும் புளூடூத்தில் அனுப்பிவிடலாம். போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள். நெட்டுக்குப் பிடித்தால் ஸ்லைடர்கள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி, 45 வைக்கப் போய் 47-ல் நிற்கும்.

உள்ளே நான்கு திரைகள்: இன்ட்ரோ, வெக்டர்ஸ், டிராக், லேப். புதியவர்கள் இன்ட்ரோவில் கார், பியானோ எல்லாவற்றையும் பறக்கவிட்டுப் பத்து நிமிடம் சிரித்துவிட்டு வாருங்கள். நமக்கு வேலை பெரும்பாலும் லேப் திரையில். பொருள்களின் பட்டியலில் ‘ஃபுட்பால்’ என்று இருப்பது அமெரிக்கர்கள் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்து, நம் கால்பந்து அல்ல. அதை நம் பந்து என்று நினைத்து எடுத்த முடிவுகள் எல்லாம் கோணலாகத்தான் இருக்கும்.

முதலில் காற்று இல்லாமல்

காற்றுத் தடைப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பொருளைச் சுடும் பீரங்கியைத் தரைமட்டத்துக்கு இறக்குங்கள். வேகம் நொடிக்கு 20 மீட்டர், கோணம் 45 பாகை. இப்போது நோட்டை எடுங்கள்.

கிடைத்தள நெடுக்கம் (பந்து தரையில் போய் விழும் தூரம்) = வேகத்தின் வர்க்கம் × சைன் (இரு மடங்கு கோணம்) ÷ ஈர்ப்பு முடுக்கம். 400-ஐ 9.81-ஆல் வகுத்தால் 40.77 மீட்டர். பெரும உயரம் 10.19 மீட்டர். பறக்கும் நேரம் 2.88 நொடி. மூன்றையும் எழுதியபின் சுடுங்கள்.

தடத்தின் மேல் புள்ளிகள் விழும். சிறு புள்ளிக்கும் அடுத்த சிறு புள்ளிக்கும் இடையே 0.1 நொடி. ஓரத்தில் இருக்கும் அளவுக் கருவியை இழுத்து வந்து, அதன் குறுக்குக் கம்பியைப் புள்ளியின் மேல் வையுங்கள். நேரம், தூரம், உயரம் மூன்றும் வரும். புள்ளியின் மேல் சரியாக உட்காராவிட்டால் எண்ணே காட்டாது. ‘கருவி வேலை செய்யவில்லை’ என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு வைத்தால் உட்கார்ந்துவிடும்.

அடுத்து 30 பாகை, பிறகு 60 பாகை. இரண்டுக்கும் நெடுக்கம் ஒன்றே: 35.31 மீட்டர். ஆனால் முதலாவது 2.04 நொடியில் தரைக்கு வந்துவிடுகிறது, இரண்டாவது 3.53 நொடி காற்றில் இருக்கிறது. 5.10 மீட்டர் ஏறியதற்கும் 15.29 மீட்டர் ஏறியதற்கும் உள்ள வித்தியாசம். இந்த இரண்டு தடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றை உள்ளே விட்டதும் முதலில் உடைவது இந்தச் சமத்துவம்தான். நீண்ட நேரம் பறப்பதற்கு நீண்ட நேரம் தடை.

நிறையை மாற்றிப் பாருங்கள். ஒன்றும் மாறாது. விட்டத்தை மாற்றுங்கள். அப்போதும் ஒன்றும் மாறாது. மாறாததையும் நோட்டில் எழுதுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஈர்ப்பு முடுக்கத்தைப் பற்றி ஒரு சின்னச் சேதி. சிமுலேஷன் வைத்திருக்கும் 9.81 உலகச் சராசரியை ஒட்டியது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருக்கும் ராமேசுவரத்தில் அது 9.78. ஸ்லைடரை 9.78-க்கு மாற்றினால் பந்து 13 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும். அளந்து கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம்தான், இருந்தாலும் நம் ஊருக்கு என்று ஒரு எண் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

காற்றைத் திறந்துவிட்டால்

காற்றுத் தடைப் பெட்டியில் டிக் போடும் முன் ஒன்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

இழுவை விசை (காற்றுத் தடையின் விசை) = ½ × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் (பொருளின் வடிவத்தைப் பொறுத்த எண்) × குறுக்குப் பரப்பு × வேகத்தின் வர்க்கம்.

இந்த வரியில் நிறை எங்கேயும் இல்லை. விசையை நிறையால் வகுத்து முடுக்கம் ஆக்கும்போதுதான் நிறை உள்ளே வருகிறது. ‘கனமான பொருளுக்குக் காற்றுத் தடை குறைவு’ என்று சொல்வது தவறு. விசை அதேதான், கனமான பொருள் அதைச் சட்டை செய்வதில்லை.

பொருள்கள் பட்டியலில் ‘கஸ்டம்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் நிறை, விட்டம், இழுவைக் குணகம் மூன்றையும் எண்ணாகத் தட்டலாம். டென்னிஸ் பந்துக்கு: நிறை 0.058 கிலோ, விட்டம் 0.067 மீட்டர், குணகம் 0.55. மூன்றாவது தசமத்தைப் பெட்டி வாங்காவிட்டால் 0.06, 0.07 என்று போடுங்கள். விடை ஒரு மீட்டருக்குள்தான் மாறும். இங்கே அதிகம் நடக்கும் விபத்து, 67 மில்லிமீட்டரை 0.67 என்று தட்டிவிடுவது. பந்து பீரங்கி வாயிலேயே விழுந்ததுபோல் தெரிந்தால், முதலில் தசமப் புள்ளியைப் பாருங்கள்.

அதே 20 மீட்டர் வேகம், அதே 45 பாகை. ஊகத்தை எழுதிவிட்டுச் சுடுங்கள்.

25, 26 மீட்டரில் விழும். முப்பத்தைந்து மீட்டராவது போகும் என்று எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். காற்று ‘கொஞ்சம்’ குறைக்கும் என்ற எண்ணம் அந்த அளவு ஊறியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

இப்போது தடத்தை உற்றுப் பாருங்கள். உச்சி 7.8 மீட்டர்தான். அந்த உச்சியும் நடுவில் இல்லை. சுமார் 14 மீட்டர் தாண்டியபின் வருகிறது. ஏறியது 14 மீட்டரில் என்றால், இறங்கியது 12 மீட்டருக்குள். 45 பாகையில் கிளம்பிய பந்து தரையைத் தொடும்போது 56 பாகைச் சரிவில் வருகிறது. பவுண்டரியில் நிற்பவர் பந்து ‘மேலேயிருந்து விழுகிறது’ என்று சொல்வது கண்மயக்கம் அல்ல.

வெக்டர்ஸ் திரையில் முடுக்க அம்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவான ஓட்டத்தில் இன்னொரு முறை சுடுங்கள். காற்று இல்லாதபோது அந்த அம்பு எப்போதும் நேர் கீழே, எப்போதும் ஒரே நீளம். காற்று இருக்கும்போது? கிளம்பிய நொடியில் அம்பு நீண்டு, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். உச்சியிலும் சாய்ந்தே இருக்கும். டென்னிஸ் பந்துக்கு அங்கே கீழ்நோக்கி 9.8, பின்னோக்கி ஏறத்தாழ 2. இறங்கும்போது தடை மேல்நோக்கித் திரும்பிவிடுவதால் அம்பு சுருங்கும். ‘உச்சியில் முடுக்கம் என்ன?’ என்ற தேர்வுக் கேள்விக்கு மாணவர் யோசிக்காமல் 9.8 என்று எழுதுவதற்கும், இந்தச் சாய்ந்த அம்பைப் பார்த்தவர் ‘காற்று உண்டா, இல்லையா?’ என்று திருப்பிக் கேட்பதற்கும் நடுவே இருப்பது இந்த ஒரு திரைதான்.

கோணத்தை 45, 42, 40, 35 என்று இறக்கிப் பாருங்கள். அதிகத் தூரம் 45-க்குச் சில பாகைகள் கீழே கிடைக்கும். மிக நுணுக்கமாகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உச்சிப் பகுதி தட்டையாக இருக்கும், ஒரு பாகைக்கு ஒரு பாகை வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான்.

எடையா, பருமனா?

லேபில் மூன்று பொருள்களை ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் சுடுங்கள். பீரங்கிக் குண்டு 40.77-க்கு அரை மீட்டர் சுற்றிக் குறையும். கிரிக்கெட் பந்துக்கு நிறை 0.16 கிலோ, விட்டம் 0.072, குணகம் 0.5 என்று கொடுத்தால் 33 மீட்டர். பட்டியலில் உள்ள பேஸ்பாலும் ஏறக்குறைய இதே ஆள்தான். டென்னிஸ் பந்து 26. கிரிக்கெட் பந்தும் டென்னிஸ் பந்தும் பருமனில் கிட்டத்தட்ட ஒன்று, நிறையில் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்ததும் ‘எடைதான் விஷயம்’ என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

கைத்தூண்டிலில் கட்டும் ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் ஈயத்தை உருண்டையாக்கினால் விட்டம் 2.6 சென்டிமீட்டர்கூட இல்லை. கிரிக்கெட் பந்தைவிட லேசு. ஆனால் சிமுலேஷனில் 0.1 கிலோ, 0.026 மீட்டர், குணகம் 0.47 என்று கொடுத்துச் சுட்டால், காற்றில்லாத தூரத்தில் இரண்டு மீட்டருக்குள்தான் இழக்கிறது. லேசான ஈயம் கனமான பந்தை முந்துகிறது. ஆக, நிறை மட்டும் அல்ல. நிறையை இழுவைக் குணகத்தாலும் குறுக்குப் பரப்பாலும் வகுத்து வருவதுதான் தீர்மானிக்கிறது. தூண்டிலில் ஈயத்தோடு பெரிய இரையைக் கோத்து வீசினால் தூரம் குறைவதும் இதனால்தான். எடை கூடியது, ஆனால் அதைவிட அதிகமாகப் பரப்பு கூடியது.

வீச்சுவலை இதை இன்னும் அழகாகக் காட்டும். கையை விட்டுக் கிளம்பும்போது வலை சுருட்டிய பொதி. விளிம்பில் வரிசையாகக் கோத்த ஈயக்குண்டுகள் தங்கள் வேகத்தை அதிகம் இழக்காமல் வெளிப்பக்கம் பறக்க, நடுவில் உள்ள நூல்வலை காற்றில் மாட்டிப் பின்தங்குகிறது. வலை விரிய விரியப் பரப்பு கூடி, தடையும் கூடி, வட்டமாகத் தண்ணீரில் படிகிறது. எதிர்க்காற்றில் வலை விரியாமல் முகத்திலேயே வந்து அடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். சிமுலேஷனில் வலை கிடையாது. பறக்கும் நடுவில் பரப்பு மாறும் பொருளை அதில் போட முடியாது.

விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்கு என்பதை மறந்துவிட வேண்டாம். நிறையை அப்படியே வைத்து விட்டத்தை மட்டும் இரட்டித்தால் பந்து பரிதாபமாக விழும். ஆனால் நிஜத்தில் ஒரே பொருளால் செய்த உருண்டையின் விட்டத்தை இரட்டித்தால் நிறை எட்டு மடங்கு ஆகும். எட்டை நான்கால் வகுங்கள்: காற்று இழுத்து உண்டாக்கும் முடுக்கம் பாதியாகிறது. எனவே ஒரே ஈயத்தில் பெரிய குண்டு தூரம் போகும். ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக மட்டும் நகர்த்துகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது நல்ல விதிதான். ஆனால் நிஜப் பொருள்கள் அந்த விதிப்படி வளர்வதில்லை.

இன்னொரு எச்சரிக்கை: பந்து பறந்துகொண்டிருக்கும்போதே ஸ்லைடரைத் தொடாதீர்கள். முடிவு எந்த மதிப்புக்கு உரியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

லேபில் உயர ஸ்லைடர் ஒன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே நின்று சுடுகிறீர்கள் என்பது அது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து பந்து தூரம் போகும். நம் கரையில் எல்லாமே கடல்மட்டம், ஆகவே பூச்சியத்தில் விடுங்கள். நமக்குப் பொருத்தமானது வெப்பநிலை. 15 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ, 30 பாகையில் 1.16 கிலோ. ஐந்து சதவீதம். சித்திரை வெயிலில் பந்து சற்றுத் தூரம் போவதற்கு அது ஒரு காரணம். கடற்கரைக் காற்று ஈரமாக இருப்பதால் ‘கனத்து’ பந்தை இழுக்கும் என்று சொல்வார்கள். தலைகீழ். நீராவி காற்றைவிட லேசு, ஈரக்காற்றின் அடர்த்தி துளி குறைவு.

நீங்களே ஒன்று செய்யுங்கள்

சிமுலேஷன் விடையைக் காட்டும், வழியைக் காட்டாது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எதிலாவது முப்பது வரி போட்டால் உள்ளே நடப்பது முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

எட்டு நெடுவரிசை: நேரம், தூரம், உயரம், கிடைவேகம், செங்குத்து வேகம், மொத்த வேகம், கிடை முடுக்கம், செங்குத்து முடுக்கம். ஓரத்தில் தனியாக மூன்று கட்டங்களில் மாறிலிகள்: ஈர்ப்பு 9.81, நேர இடைவெளி 0.1, இழுவை எண் 0.02. இந்த 0.02 எங்கிருந்து வந்தது? ½ × 1.2 × 0.55 × 0.003526 ÷ 0.058. 1.2 என்பது காற்றின் அடர்த்தி, 0.003526 சதுர மீட்டர் என்பது டென்னிஸ் பந்தின் குறுக்குப் பரப்பு.

1. முதல் வரியில் நேரம், தூரம், உயரம் மூன்றும் பூச்சியம். 45 பாகை என்பதால் இரு வேகங்களும் 14.142.

2. மொத்த வேகம்: இரு வேகங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம். முதல் வரியில் 20.

3. கிடை முடுக்கம் = கழித்தல் இழுவை எண் × மொத்த வேகம் × கிடைவேகம். விடை −5.657.

4. செங்குத்து முடுக்கம் = −9.81 கழித்தல் (இழுவை எண் × மொத்த வேகம் × செங்குத்து வேகம்). விடை −15.467. கிளம்பும் கணத்தில் பந்தைக் கீழே இழுப்பது புவி மட்டும் அல்ல என்பது இங்கே தெரியும்.

5. அடுத்த வரியில் ஒவ்வொரு வேகத்தோடும் அதற்குரிய முடுக்கம் × 0.1 சேர்க்கவும்: 13.576, 12.595. தூரத்தோடும் உயரத்தோடும் முந்தைய வரியின் வேகம் × 0.1 சேர்க்கவும்: இரண்டும் 1.414.

6. இரண்டாம் வரியைக் கீழே இழுத்து நிரப்பவும். மூன்றாம் வரியில் தூரம் 2.772, உயரம் 2.674 வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

வராவிட்டால், பத்தில் ஒன்பது தடவை மாறிலிக் கட்டங்களை டாலர் குறி போட்டுப் பூட்டாததுதான் காரணம். கீழே இழுக்கும்போது அவையும் சேர்ந்து கீழே நகர்ந்து, வெறுங்கட்டத்தைக் காட்டும். ஈர்ப்பை மட்டும் பூட்டாமல் விட்டால் அது பூச்சியமாகி, பந்து இறங்கவே இறங்காமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்; நேர இடைவெளியையும் விட்டால் பந்து அந்தரத்தில் அசையாமல் நின்றுவிடும். இன்னொன்று: கோணத்தை நேராக சைன் சார்பில் கொடுத்தால் எக்செல் அதை ரேடியன் என்று எடுத்துக்கொள்ளும். முதலில் பாகையை ரேடியனாக மாற்ற வேண்டும்.

அடுத்து, நிறையப் பேர் செய்யத் தவறும் சோதனை. இழுவை எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காற்றில்லாத விடை நமக்குத் தெரியும்: 40.77. உங்கள் அட்டவணையோ 42.2 மீட்டர் என்று சொல்லும். பயப்பட வேண்டாம், கணக்கு தவறில்லை, முறை முரட்டுத்தனமானது. ஒவ்வொரு 0.1 நொடிக்கும் தொடக்கத்தில் இருந்த வேகத்தையே முழு இடைவெளிக்கும் வைத்துக்கொண்டது. ஏறும் பந்து சற்று அதிகமாக ஏறிவிடுகிறது. இடைவெளியை 0.01 ஆக்கினால் 40.9-க்கு இறங்கும், ஆனால் முந்நூறு வரி வேண்டும். சாமர்த்தியமான வழி, பழைய வேகத்தையும் புதிய வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்துத் தூரத்துக்கும் உயரத்துக்கும் பயன்படுத்துவது. 0.1 நொடியிலேயே காற்றில்லாத விடை துல்லியமாக வந்துவிடும். சரிபார்த்தபின் 0.02-ஐத் திரும்பப் போட்டால் 26 மீட்டரை ஒட்டி விழும்.

கடைசி வரியில் உயரம் சரியாகப் பூச்சியம் ஆகாது. நேர்மறை எண்ணிலிருந்து எதிர்மறைக்குத் தாவும். எதிர்மறையான வரியின் தூரத்தையே விடையாக எழுதிவிடாமல், இரண்டு வரிகளுக்கும் நடுவே விகிதம் போட்டுப் பூச்சியம் வரும் இடத்தை எடுங்கள்.

சிமுலேஷனில் இல்லாதது: வீசும் காற்று

அந்தத் திரையில் காற்று உண்டு, ஆனால் அது அசையாமல் நிற்கும் காற்று. சோழகமும் வாடையும் மாறி மாறி ஆளும் கரையில் அப்படி ஒரு நாள் அபூர்வம். உங்கள் அட்டவணையில் இதைச் சேர்க்க ஒரு மாற்றம் போதும். இழுவை விசைக்குத் தெரிந்தது தரையைப் பார்த்த வேகம் அல்ல, காற்றைப் பார்த்த வேகம். நான்காவது மாறிலியாகக் காற்று வேகத்தைச் சேருங்கள். பந்தோடு வீசினால் கூட்டல், எதிரே வீசினால் கழித்தல் குறி. பிறகு மொத்த வேகத்துக்கான கணக்கிலும் கிடை முடுக்கத்திலும், கிடைவேகம் இருந்த இடத்தில் ‘கிடைவேகம் கழித்தல் காற்று வேகம்’ என்று மாற்றுங்கள். தூரத்துக்கான கட்டத்தைத் தொடாதீர்கள். அது தரைக் கணக்கு.

எதிர்க்காற்று நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். இது புயல் இல்லை, சட்டை படபடக்கும் அளவு. முதல் வரியில் கிடை முடுக்கம் −5.66-லிருந்து −9.11-க்குத் தாவுகிறது. பந்து விழும் இடம் ஏறத்தாழ 20 மீட்டர். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 31 மீட்டர். ஒரே அடி, ஒரே பந்து. எந்த முனையிலிருந்து ஆடுகிறீர்கள் என்பதற்கு 11 மீட்டர். எதிர்க்காற்று பறித்தது 6 மீட்டர், பின்காற்று கொடுத்தது 5 மீட்டர்தான் என்பதையும் கவனியுங்கள். வேகத்தின் வர்க்கம் இருக்கும் இடத்தில் வரவும் செலவும் சமமாக இராது. டாஸ் வென்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

மணலில் சரிபார்க்க

நாளைத் தேர்வது பாதி வேலை. சோழகம் ஓங்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொந்தளிக்கும், வடகடல் (பாக்கு விரிகுடா) பக்கம் அடங்கியிருக்கும். வாடையில் இது திரும்பும். அடங்கிய பக்கத்தில், விடிந்ததும், கடற்காற்று கிளம்பும் முன் போங்கள். உச்சிப்புளிக்கு அருகே அரியமான் போன்ற ஆழமில்லாத கரை நல்லது. தனுஷ்கோடியில் என்றால் பந்து நீருக்குள் போனால் போகட்டும். அங்கே நீரோட்டம் கெட்டது, பின்னால் இறங்கக் கூடாது.

அலை வந்து போன ஈர மணலில் வீசுங்கள். பந்து விழுந்த இடத்தில் பள்ளம் பதியும், அளக்கச் சுலபம். காய்ந்த மணலில் தடம் மூடிக்கொள்ளும். பந்தை ஒவ்வொரு வீச்சுக்கும் துடையுங்கள். நனைந்த டென்னிஸ் பந்து நிறைய நீர் குடிக்கும், மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தால் 58 கிராம் என்ற உங்கள் எண் பொய்யாகியிருக்கும்.

கிளம்பும் வேகத்தை அளக்க போன் கேமரா வேண்டும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம். 20 மீட்டர் வேகத்தில் பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 67 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அதுவும் கோடாக இழுத்துத் தெரியும். ஸ்லோ மோஷனில் 120 வைத்தால் 17 சென்டிமீட்டர். போனை மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, வீசும் கோட்டுக்குச் செங்குத்தாக, குறைந்தது 15 மீட்டர் தள்ளி வையுங்கள். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கட்டும். அளவுகோலாக 2 மீட்டர் கம்பு ஒன்றை, வீசுபவர் நிற்கும் கோட்டிலேயே நடுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நட்டால் கம்பு பெரிதாகத் தெரிந்து, வேகம் குறைவாகக் கணக்காகும். ‘டிராக்கர்’ என்ற இலவச மென்பொருளில் வீடியோவைப் போட்டு, கையை விட்ட பின் வரும் முதல் நான்கைந்து படங்களில் பந்தைக் குறித்தால் வேகமும் கோணமும் கிடைக்கும். அந்த எண்களை அட்டவணையில் இடுங்கள், தொடக்க உயரத்தைப் பூச்சியம் இல்லாமல் பந்து கையை விடும் உயரமாக, ஏறத்தாழ 1.8 மீட்டராக வைத்து.

பத்து முறை வீசி, ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்ட இடத்தையும் பள்ளம் விழுந்த இடத்தையும் அருகருகே எழுதுங்கள். ஒரு மீட்டருக்குள் வந்தால் நல்ல வேலை. எல்லா வீச்சும் ஒரே பக்கமாக விலகினால் காற்றையோ கம்பு நட்ட இடத்தையோ சந்தேகப்படுங்கள். முன்னும் பின்னுமாகச் சிதறினால் கையைச் சந்தேகப்படுங்கள், குறிப்பாகச் சுழற்சியை. பின்சுழற்சி கொடுத்த பந்தைக் காற்று தூக்கிப் பிடிக்கும், முன்சுழற்சி கொடுத்ததை அமுக்கும். அது சிமுலேஷனிலும் இல்லை, நம் அட்டவணையிலும் இல்லை. விரல்களைப் பந்தின் மேல் ஓட்டாமல், உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவதுபோல் வீசினால் சுழற்சி குறையும். பந்தில் ஒரு பக்கம் மார்க்கரால் தடிமனாகக் கோடு போட்டிருந்தால், ஸ்லோ மோஷனில் எத்தனை சுற்று என்று எண்ணிவிடலாம்.